இரண்டு பேருக்குச் சாப்பிடுவது என்றால் என்ன?

கருவுற்ற செய்தி வெளியே தெரிந்த நாளிலிருந்து ஒரு பெண்ணின் தட்டின்மேல் எல்லாருக்கும் உரிமை வந்துவிடுகிறது. "நீ இப்போது ஒருத்தியா? இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டாமா?" என்று ஒருவர் இன்னொரு கரண்டி போடுகிறார். சற்று நேரத்தில் வேறொருவர் வந்து, "ஐயோ, இதைத் தொடாதே" என்று தட்டில் பாதியை எடுத்துவிடுகிறார். இருவருக்கும் அக்கறைதான். ஆனால் வாயும் வயிறுமாக இருப்பவளுக்கு அக்கறையோடு கொஞ்சம் கணக்கும் வேண்டும்.

எட்டாவது வாரத்தில் கருவின் நீளம் ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அந்த அளவுள்ள ஓர் உயிருக்காக இரண்டாவது தட்டு வைக்க வேண்டியதில்லை. முதல் மூன்று மாதங்களில் கூடுதல் கலோரி அநேகமாகத் தேவையே இல்லை. நடு மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 340 கலோரியும், கடைசி மூன்று மாதங்களில் 450 கலோரியும் கூட வேண்டும். ஒரு குவளை பால், ஒரு வாழைப்பழம், ஒரு சிறு கைப்பிடி கடலை: 340 கலோரி இதிலேயே வந்துவிடும்.

கலோரிக் கணக்கு இப்படி என்றால் சத்துக் கணக்கு வேறு மாதிரி. வழக்கமாக நாளுக்கு 18 மில்லிகிராம் தேவைப்படும் இரும்பு, கர்ப்ப காலத்தில் 27 மில்லிகிராம் ஆகிறது. ஃபோலேட் 400 மைக்ரோகிராமிலிருந்து 600 ஆகிறது. அயோடின் 150 மைக்ரோகிராமிலிருந்து 250 ஆகிறது. சாப்பாட்டின் அளவு அநேகமாகக் கூட்டவே வேண்டாத முதல் மாதங்களில்கூட அதற்குள் இருக்க வேண்டிய சத்து ஒன்றரை மடங்காகிறது. கூடுதலாக வைக்கும் அந்த ஒரு கரண்டி என்னவாக இருக்க வேண்டும் என்பது இதிலிருந்தே தெரியும். பருப்பு, பயறு, முட்டை, மீன், பால், கீரை, பழம் என்றால் கணக்குச் சரியாக வரும். சர்க்கரையும் மாவும் எண்ணெயும் என்றால் கலோரி மட்டும் ஏறும், சத்து இருந்த இடத்திலேயே நிற்கும்.

எடை எவ்வளவு கூட வேண்டும் என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான ஒரே எண் கிடையாது. அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2009இல் வெளியிட்ட வரம்புகளைத்தான் பலரும் பின்பற்றுகிறார்கள். கருவுறும் முன் உயரத்துக்கேற்ற எடையில் இருந்தவருக்கு 11.5 முதல் 16 கிலோ வரை. ஒல்லியாக இருந்தவருக்கு 12.5 முதல் 18 வரை. எடை கூடுதலாக இருந்தவருக்கு 7 முதல் 11.5 வரை, உடல் பருமன் உள்ளவருக்கு 5 முதல் 9 வரை. இந்தக் கிலோக்கள் முழுவதும் கொழுப்பும் இல்லை, முழுவதும் குழந்தையும் இல்லை. பிறக்கும் குழந்தை மூன்று கிலோ சொச்சம். மற்றது நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், பெருத்த கருப்பை, கூடிய ரத்தம், பாலூட்டும் காலத்துக்கென உடல் ஒதுக்கி வைக்கும் கொழுப்பு.

இதுவரை சொன்னது ஒன்பது மாதக் கணக்கு. இந்த ஒன்பது மாதச் சாப்பாட்டுக்கும், அந்தக் குழந்தைக்கு ஐம்பது வயதில் வரும் மாரடைப்புக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம். முதல் தடவை கேட்கும்போது கொஞ்சம் மிகையாகவே தோன்றும்.

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பகுதியில் 1911 முதல் மருத்துவச்சிகள் வீடு வீடாகப் போய், பிறந்த குழந்தையின் எடையையும் ஒரு வயதில் அதன் எடையையும் பேரேட்டில் எழுதிவந்தார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு டேவிட் பார்க்கர் என்ற நோய்ப்பரவல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அந்தப் பேரேடுகளை எடுத்து, அதிலிருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று தேடினார்கள். 1989இல் முடிவு வெளிவந்தது. பிறந்தபோதும் ஒரு வயதிலும் எடை குறைவாக இருந்தவர்களே இதயநோயால் அதிகம் இறந்திருந்தார்கள். வசதி கூடிச் சாப்பாடு கொழுத்ததால் வரும் நோய் என்று கருதப்பட்ட ஒன்று, மெலிந்து பிறந்தவர்களை அதிகம் தாக்கியிருந்தது.

பார்க்கர் சொன்ன விளக்கத்தைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். கருவிலிருக்கும் குழந்தை, தாயின் வழியே வரும் சத்தின் அளவை வைத்து வெளியுலகம் எப்படியிருக்கும் என்று கணித்துக்கொள்கிறது. வரத்துக் குறைவு என்றால், பஞ்ச காலத்துக்கேற்ற உடலாகத் தன்னைக் கட்டிக்கொள்கிறது. மூளைக்கு முதலில் கொடுத்து, சிறுநீரகம், கணையம், தசை ஆகியவற்றில் சிக்கனம் பிடிக்கிறது. பிறந்து வந்து பார்த்தால் வெளியே பஞ்சம் இல்லை, தாராளம். சிக்கனத்துக்கென்று கட்டிய உடல் அந்தத் தாராளத்தைத் தாங்காமல் நடுவயதில் சிரமப்படுகிறது.

இதை விரும்பி யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. ஆனால் போர் ஒரு கொடிய சோதனையை நடத்திவிட்டுப் போயிருந்தது. 1944 இறுதியில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் இருந்த நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு வருவது தடைபட்டது. ஒரு நாள் பங்கீடு ஆயிரம் கலோரிக்கும் கீழே போய், மோசமான வாரங்களில் 400 முதல் 800 கலோரிக்குள் நின்றது. 1945 மே மாதம் விடுதலை கிடைத்ததும் உணவு விரைவிலேயே வந்து சேர்ந்தது. பஞ்சத்துக்குத் தெளிவான தொடக்கமும் முடிவும் இருந்ததால், எந்தக் குழந்தை கருவின் எந்த மாதத்தில் பட்டினியைச் சந்தித்தது என்று கணக்கிட முடிந்தது.

கடைசி மாதங்களில் பட்டினியைச் சந்தித்த குழந்தைகள் எடை குறைந்து பிறந்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். தொடக்க மாதங்களில் பட்டினி கண்டு, பிறகு தாய்க்கு நல்ல சாப்பாடு கிடைத்த குழந்தைகளோ சராசரி எடையிலேயே பிறந்தார்கள். பார்த்தவர்கள் ஆபத்து நீங்கிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் ஐம்பது வயதில் இவர்களிடம்தான் இதயநோயும் உடல் பருமனும் அதிகம் காணப்பட்டன. 2008இல் வெளிவந்த ஆய்வு இன்னும் நுணுக்கமாகப் போனது. தொடக்க மாதங்களில் பட்டினி கண்டவர்களுக்கும், பஞ்சத்தில் சிக்காத அவர்களுடைய உடன்பிறப்புகளுக்கும், வளர்ச்சி தொடர்பான ஒரு மரபணுவின்மேல் ஒட்டியிருக்கும் வேதிக் குறிகளில் வேறுபாடு இருந்தது. பஞ்சம் நடந்து அறுபது ஆண்டுகள் ஆகியும் அந்தக் குறி அழியவில்லை. மரபணுவின் எழுத்து மாறவில்லை. அதை எவ்வளவு சத்தமாக வாசிக்க வேண்டும் என்ற குறிப்பு மாறியிருந்தது.

இதில் சிறுநீரகத்தை மட்டும் எடுத்துக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான் என்ற நுண்ணிய அமைப்புகள் சராசரியாகப் பத்து லட்சம் இருக்கும். ஆனால் ஆளுக்கு ஆள் இது இரண்டு லட்சத்திலிருந்து இருபது லட்சத்துக்கு மேல் வரை வேறுபடும். இவற்றில் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் உருவாகிறது. 36ஆவது வாரத்தோடு உற்பத்தி நின்றுவிடுகிறது. அதன்பின் எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டாலும் ஒரு நெஃப்ரான்கூடக் கூடாது. குறைந்த எண்ணிக்கையோடு பிறந்தவரின் சிறுநீரகத்தில் இருக்கிற ஒவ்வொரு வடிகட்டியும் கூடுதல் வேலை செய்து, ஆண்டுகள் போகப்போகத் தேய்கிறது. ரத்த அழுத்தம் ஏறுவதற்கு இது ஒரு காரணமாகிறது. நாற்பது வயதில் அழுத்தம் அதிகம் என்று மருத்துவர் சொல்லும்போது உப்பையும் அலுவலகக் கவலையையும் நினைப்போம். அம்மாவின் எட்டாவது மாதம் யாருக்கும் நினைவுக்கு வராது.

பற்றாக்குறையின் கதை இது. மிகுதிக்கும் ஒரு கதை உண்டு. இன்று அதிகம் கேட்க வேண்டியது அதைத்தான்.

கர்ப்பத்தின் பிற்பாதியில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையைச் சற்று மழுங்கச் செய்கின்றன. தாயின் ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் கூடுதல் நேரம் தங்கினால்தான் குழந்தைக்குப் போகும். பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதல் இன்சுலின் சுரந்து இதைச் சமாளித்துவிடுகிறது. சிலருக்கு முடிவதில்லை. அதுதான் கர்ப்பகால நீரிழிவு. தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும், தாயின் இன்சுலின் தாண்டாது. வந்து குவியும் சர்க்கரையைக் குழந்தையின் கணையம்தான் சமாளிக்க வேண்டும். அது சுரக்கும் இன்சுலின், கருவில் வளர்ச்சி ஹார்மோன் போலவும் செயல்படும். குழந்தை கொழுத்துப் பெரிதாகிறது. யோர்கன் பெடர்சன் என்ற டென்மார்க் மருத்துவர் 1950களில் விளக்கியது இதைத்தான். பிறந்து தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து சட்டென்று நிற்கிறது, குழந்தையின் இன்சுலினோ இன்னும் வெள்ளமாக ஓடுகிறது. நான்கு கிலோவில் கொழுகொழுவென்று பிறந்த பிள்ளைக்கு முதல் சில மணி நேரங்களில் ரத்தச் சர்க்கரை அபாயகரமாகக் குறைவது இதனால்தான்.

"அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரத்தானே செய்யும், அது பரம்பரை" என்று சொல்லலாம். அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா பழங்குடி மக்களிடையே நடந்து 2000இல் வெளியான ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரே தாயின் பிள்ளைகளில், தாய்க்கு நீரிழிவு வருமுன் பிறந்தவர்களையும் வந்தபின் பிறந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். வந்தபின் பிறந்தவர்களுக்கே நீரிழிவு அதிகம் வந்திருந்தது. பரம்பரை ஒன்றுதான், கருப்பையின் சூழல் வேறு.

ஆகவேதான் 24 முதல் 28 வாரங்களுக்குள் சர்க்கரைப் பரிசோதனை. இருப்பது தெரிந்துவிட்டால் பெரும்பாலும் சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிடுவதும், இனிப்புப் பானங்களை விடுவதும், தவிடு நீக்காத தானியத்தையும் புரதத்தையும் சேர்ப்பதும், சாப்பிட்டபின் சிறிது நடப்பதுமே போதுமாக இருக்கும். போதாதவர்களுக்கு இன்சுலின் ஊசி. ஊசி என்றதும் பயந்து பட்டினி கிடப்பவர்கள் உண்டு. மேலே சொன்னதை நினைவில் வைத்தால் போதும்: தாய்க்குப் போடும் இன்சுலின் குழந்தைக்குப் போவதில்லை. தாயின் பட்டினி மட்டும் குழந்தையையும் எட்டிவிடும்.

இனி மாத்திரைகள். முதலாவது ஃபோலிக் அமிலம், அதாவது மேலே சொன்ன ஃபோலேட்டின் மாத்திரை வடிவம். இதில் எல்லாரும் தாமதமாகவே விழித்துக்கொள்கிறார்கள், அதில் அவர்கள் தவறும் இல்லை. மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகும் நரம்புக்குழாய், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போவது தெரியும்போதே அதில் ஏறக்குறைய 14 நாள் போய்விட்டது. இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று இருந்து, பரிசோதித்து, மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்குவதற்குள் குழாய் மூடியிருக்கும், அல்லது மூடாமல் நின்றிருக்கும். முன்பு இத்தகைய குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மாரிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்றை பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 1991இல் வெளியிட்டது. ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களுக்கு மறுபடி அந்தக் குறை வருவது 72 சதவீதம் குறைந்திருந்தது. எனவே குழந்தை வேண்டும் என்று தீர்மானித்த உடனே, கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது, நாளுக்கு 400 மைக்ரோகிராம் தொடங்கிவிட வேண்டும். முந்தைய பிள்ளைக்குக் குறை இருந்திருந்தால் மருத்துவர் பத்து மடங்கு அளவு கொடுப்பார்.

அடுத்தது இரும்பு. தாயின் ரத்த அளவு ஏறக்குறைய பாதியளவு கூடுகிறது. அதற்கும் இரும்பு வேண்டும். பிறந்தபின் முதல் ஐந்தாறு மாதங்களுக்கான இரும்பைக் குழந்தை தாயிடமிருந்தே சேமித்துக்கொண்டும் வருகிறது, ஏனென்றால் தாய்ப்பாலில் இரும்பு குறைவு. உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்கு நாளுக்கு 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பு பரிந்துரைக்கிறது. மாத்திரை கையில் இருக்கிறது, ஆனால் எப்படி விழுங்குகிறார்கள்? காலையில் சூடான தேநீர் ஒரு கையில், மாத்திரை மறு கையில். தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குடல் உறிஞ்சாது. இரவில் ஞாபகம் வந்தால் கால்சியம் மாத்திரையோடு சேர்த்து ஒரே வாயில். கால்சியமும் இரும்பை வழிமறிக்கும். மூன்று மாதம் தவறாமல் விழுங்கியும் ஹீமோகுளோபின் 10ஐத் தாண்டவில்லை என்று பரிசோதனைத் தாள் சொன்னால், குறை மாத்திரையில் இல்லாமல் அந்தத் தேநீரில் இருக்கலாம். குறைந்தது 11 இருக்க வேண்டும். ஆரஞ்சு, எலுமிச்சை, கொய்யா போன்ற புளிப்பும் வைட்டமின் சியும் உள்ளவற்றோடு எடுத்து, தேநீருக்கும் காப்பிக்கும் ஒரு மணி நேர இடைவெளி விட்டால் போதும். மலம் கறுத்துப் போகும், சிலருக்கு மலச்சிக்கலும் வரும். கறுப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். சிக்கல் தாங்கவில்லை என்றால் மாத்திரையை நிறுத்துவதைவிட அளவையோ வகையையோ மாற்றித் தரும்படி கேட்பது நல்லது.

அயோடினைப் பற்றி யாரும் பேசுவதில்லை, உப்புக்குள் ஒளிந்திருப்பதால். கருவின் தைராய்டு சுரப்பி பாதி கர்ப்பம் வரை தனக்கு வேண்டியதை முழுதாகச் சுரப்பதில்லை. அதுவரை அதன் மூளை வளர்வது தாயின் தைராய்டு ஹார்மோனைக் கொண்டுதான். கடுமையான குறைபாடு குழந்தையின் அறிவு வளர்ச்சியை நிரந்தரமாகப் பாதிக்கும். கல்லுப்பும் வண்ண உப்பும் உயர்ந்தவை என்ற நம்பிக்கையில் அயோடின் சேர்த்த உப்பைத் தூக்கி எறிவதற்கு இது சரியான நேரம் இல்லை.

தவிர்க்க வேண்டியவற்றில் உறுதியானவை சிலதான். மது: பாதுகாப்பான அளவு என்று எதுவும் நிறுவப்படவில்லை, ஆகவே துளியும் வேண்டாம். புகையிலை: எந்த வடிவிலும் வேண்டாம். புகையின் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடிக்கிறது. நிக்கோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அவள் புகைக்காமல் கணவர் வீட்டுக்குள் புகைத்தாலும் அந்தப் புகை அவளையும் சேரும். கர்ப்பிணிக்கு அறிவுரை சொல்கிறவர்கள் அவரிடம் ஏன் ஒன்றும் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் எரிச்சல். பச்சைப் பால், வேகாத இறைச்சி, வேகாத முட்டை வேண்டாம். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேரும் என்பதால் சிறிய மீன்களே நல்லவை. ஈரலில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருக்கும். காஃபீன் நாளுக்கு 200 மில்லிகிராமுக்குள், அதாவது இரண்டு சிறு கோப்பைக் காப்பிக்குள் நிற்கட்டும். இயற்கையானது என்ற பெயரில் வரும் மூலிகைக் கஷாயங்களையும் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

அசைவும் இதில் சேர்த்திதான். மருத்துவக் காரணம் எதுவும் தடுக்காவிட்டால் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மிதம் என்பதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நடை இன்சுலினை நன்றாக வேலை செய்ய வைக்கிறது என்பதால் மேலே சொன்ன சர்க்கரைக் கதையோடு இது நேராகச் சேர்கிறது. கடைசி மூன்று மாதங்களில் மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுத்துத் தூங்க வேண்டும். தூக்கத்தில் புரண்டு மல்லாந்துவிட்டால் பதற வேண்டாம், மறுபடி திரும்பிப் படுத்தால் சரி.

இவ்வளவும் படித்துவிட்டு, மசக்கையில் மூன்று மாதம் உலர்ந்த ரொட்டியும் தண்ணீருமாகக் கழித்த ஒரு பெண் கலங்கக்கூடும். நெதர்லாந்துப் பஞ்சம் ஒரு நாட்டின் பாதி பட்டினி கிடந்த கதை. சில வாரம் வாந்தியில் சாப்பாடு இறங்காததை அதோடு ஒப்பிடக் கூடாது. கருவுறும் முன் உடல் சேர்த்து வைத்த இருப்பு அந்த வாரங்களில் குழந்தையைக் காக்கும். தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் எடை விழுந்தால் மட்டும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மேலும், இந்த ஆய்வுகள் சொல்வதெல்லாம் ஆபத்தின் அளவு கூடும் குறையும் என்பதைத்தான். எடை குறைந்து பிறந்தவர்களில் பெரும்பாலோர் நல்ல உடல்நலத்தோடு முதுமை கண்டவர்களே. பிள்ளையின் ஒவ்வொரு நோய்க்கும் தாயின் தட்டில் காரணம் தேடுவது அறிவியல் அல்ல, பழி போடுவது. அவள் தட்டில் என்ன விழுகிறது என்பதை அவளுடைய வருமானமும், வேலை நேரமும், வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் அவள்தானா என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

குழந்தையைப் பற்றியே இவ்வளவு பேசியாகிவிட்டது. தாய்க்கு என்ன? கர்ப்பம் அவளுடைய இதயத்துக்கும் கணையத்துக்கும் ஒன்பது மாதம் நடக்கும் ஒரு பளுச் சோதனை. அதில் தடுமாறிய உறுப்பு எது என்பது பிற்காலத்தைப் பற்றிய முன்னறிவிப்பு. கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்ணுக்கு, வராதவரைவிடப் பின்னாளில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல். ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போகும் பிரீகிளாம்சியா வந்தவருக்குப் பிற்கால இதயநோய் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. பிரசவம் ஆனதும் சர்க்கரையும் அழுத்தமும் இறங்கிவிடுவதால் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பாலூட்டுவது இந்த நீரிழிவு ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கிறது; எடையை மெல்ல இறக்குவதும் உதவுகிறது. பிரசவமாகி 6 முதல் 12 வாரங்களுக்குள் ஒருமுறை சர்க்கரையைச் சோதித்து, அதன்பின் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்த்துவர வேண்டும்.

அந்தச் சோதனைக்குத்தான் யாரும் போவதில்லை. தூக்கம் இல்லாத இரவுகள், பால், துணி, அழுகை. அவளுக்கென்று ஒரு நாள் ஒதுக்கு என்றால் எங்கே போவாள்? ஒரு வழி இருக்கிறது. ஆறாவது வாரத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி போட எப்படியும் போயே ஆக வேண்டும். அந்தத் தேதியை யாரும் தவறவிடுவதில்லை. அட்டையில் அந்த வரிக்குப் பக்கத்திலேயே "அம்மாவுக்குச் சர்க்கரை" என்று இப்போதே எழுதி வைக்கலாம். முதல் நாள் இரவிலிருந்து வெறும் வயிறாக இருக்க வேண்டும், சர்க்கரைக் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் குழந்தையை வைத்துக்கொள்ள வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போனால் போதும்.